பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடியில் ஓதம் இன்னும் நிற்கவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை மறுபடி எடுத்தேன். படிக்க முடியவில்லை என்று பள்ளிக்கூட நாளில் நீ பாதியில் மூடி வைத்தாயே, அதே புத்தகம். 1943இல் வந்த கதை. செல்லம்மாளின் மூச்சு அடங்குவதில்தான் ஆரம்பிக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற அவள் புருஷன் பிரமநாயகம் பிள்ளை கதறி அழவில்லை. வெந்நீர் போட்டு அவள் உடம்பைக் குளிப்பாட்டுகிறார். ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருக்கிறார். அவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எனக்கு அந்த விசிறலிலேயே தெரிந்துவிட்டது.

அம்மா படுக்கையில் கிடந்தபோது, கஞ்சியை முதலில் உன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துத்தான் கொடுப்பாய். பெரியத்தை இன்றைக்கும் எல்லாரிடமும் அதைச் சொல்கிறாள். அப்படிப்பட்டவள் தீபாவளிக்கும் வரவில்லை. போன் எடுத்தால் மீட்டிங் என்கிறாய். சரி, வேலை அப்படி.

கதை எழுதுவதை ஏன் விட்டாய்? உன் முதல் கதை வந்த இதழை அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினாள். இப்போது அவளைப் பற்றி எழுதினால் அவளை விற்ற மாதிரி ஆகிவிடும் என்று சித்தியிடம் சொன்னாயாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பாப்பா. பிரமநாயகம் பிள்ளை விசிறியது செல்லம்மாளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் விசிறினார். நீ எழுதினாலும் அதுதான்.

புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’ கதையில் கிழவி எமனையே மடக்குகிறாள். உசிரைக் கொண்டுபோவாய், ஒன்றை அடியோடு இல்லாமல் ஆக்க உன்னால் முடியுமா என்கிறாள். எமன் தோற்றுத் திரும்புகிறான். அதை எழுதிய மனுஷன் 1948இல் காசநோயில் போய்விட்டார். 42 வயதுதான். உனக்கும் இருமல் இருக்கிறதாமே, சித்தி சொன்னாள். டாக்டரிடம் காட்டினாயா? காட்டு. தள்ளிப் போடாதே.

தை மாதம் அம்மாவுக்குத் திதி. டிக்கெட் எடுத்ததும் சொல்லு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். லீவு கிடைக்காவிட்டால் அம்மாவைப் பற்றி நாலு வரியாவது எழுதி அனுப்பு. கதையாக இருக்க வேண்டும் என்றில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இருமலை அலட்சியம் பண்ணாதே.

அன்புடன்,
அப்பா