நாம் அந்த மேட்சைப் பார்க்கவில்லை மக்கா

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லலாம். உண்மையில் உன் இரண்டாம் பக்கம் கிளப்பிய எரிச்சல் அடங்கத்தான் இத்தனை நாள் பிடித்தது. பேரனிடம் எண்பதுகளைப் பற்றிக் கதை சொன்னாயாம். 83 கிரிக்கெட் உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸோடு நடந்த இறுதி ஆட்டத்தை நீயும் நானும் டிவியில் நேரடியாகப் பார்த்தோமாம். ரிச்சர்ட்ஸ் அடித்ததைக் கபில்தேவ் ஓடிப் போய்ப் பிடித்தபோது நான் உன் சட்டையைக் கிழித்துவிட்டேனாம்.

சட்டை கிழிந்தது வாஸ்தவம். டிவி பொய்.

83 ஜூனில் நம்ம தெருவில் டிவி ஏது? சென்னைத் தூரதர்ஷன் நம்ம ஊருக்கு எட்டாது. கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்த பிறகுதான் அது நமக்கு ஒழுங்காகக் கிடைத்தது. அதற்கு முன் வசதி இருந்தவர்கள் மொட்டை மாடியில் நெட்டைக் குழாயை நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கை ரூபவாகினியைப் பிடித்தார்கள். அந்தக் குழாயும் நம்ம தெருவுக்கு வர 85 ஆயிற்று. நட்டதே உன் அண்ணன்தான்.

நாம் அன்றைக்கு இருந்தது அண்ணனுடைய ரேடியோ ரிப்பேர் கடையில். ஜூன் 25, சனிக்கிழமை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஈயம் பற்றவைத்த வாசனை. பலகையில் அந்தப் பிலிப்ஸ் டிரான்சிஸ்டர், முதுகு மூடி இல்லாமல், வயிறு தெரிய. சிற்றலையில் இங்கிலீஷ் கமெண்ட்ரி அலை மாதிரி வரும், போகும். 183-க்கு இந்தியா ஆல் அவுட் ஆனதும் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. நாம் தங்கியது தேசபக்தியால் இல்லை, பரோட்டா சொல்லியிருந்ததால்.

நமக்கு அந்த இங்கிலீஷில் ஒரு மண்ணும் புரியவில்லை. அண்ணன் காதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுச் சொன்னார். ரிச்சர்ட்ஸ் 33 அடித்து நம்மைக் கொன்றுகொண்டிருந்த நேரம். மதன்லால் போட்டார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏல, கபில் ஓடுறான்... பின்னாடியே ஓடுறான்... விழுந்துட்டாம்ல... பந்து கையில இருக்கு!" அப்போதுதான் உன் சட்டை போனது. 140-க்கு அவர்கள் சுருண்டு, 43 ரன்னில் நாம் ஜெயித்தபோது தெருவில் நாய் தவிர யாரும் இல்லை.

வீடியோவைப் பின்னால் நானும் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கபில் விழவில்லை மக்கா. ஓடிப் போய், நின்ற வாக்கில், ரொம்பச் சாதாரணமாகப் பிடிக்கிறார். விழ வைத்தது உன் அண்ணன். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதானே, இடையில் கரகரத்த இடத்தையெல்லாம் சொந்தச் சரக்கை வைத்து நிரப்பியிருக்கிறார். நீ பேரனுக்குச் சொன்னது யூடியூபில் பிறகு பார்த்த காட்சி. அதைத் தூக்கி 83-இல் வைத்துவிட்டாய். வைத்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் என் கோபம்.

இதில் நீ தனி ஆள் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு, 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ஜிம்பாப்வேயை எதிர்த்துக் கபில் 175 அடித்தாரே, அதற்கு வீடியோவே கிடையாது. அதையும் பார்த்ததாகச் சத்தியம் பண்ணுகிற ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.

எனக்கு எண்பதுகள் என்றால் காதுதான். காலையில் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் எந்த வீட்டில் முடிகிறது, எந்த வீட்டில் தொடர்கிறது என்று தெரியாமல் பள்ளிக்கூடம் வரை கேட்டுக்கொண்டே போகலாம். அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவதை நீ அப்படியே செய்து காட்டுவாய். அப்துல் ஹமீத் பாட்டுக்குப் பாட்டு நடத்தும்போது கடையில் சால்டரிங் நிற்கும். அதே 83 ஜூலையில், பனிமய மாதா கோயிலில் கொடியேறிய வாரம், கொழும்பில் தமிழர் வீடும் கடையும் எரிவதைப் பி.பி.சி. தமிழோசை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வெலிக்கடைச் சிறையில் இரண்டு தடவையாக 53 பேரைக் கொன்றார்கள். கடையில் கேட்ட முதல் கேள்வி, "அந்த ரேடியோக்காரங்களுக்கு என்ன ஆச்சோ?" முகம் தெரியாதவர்கள், ஆனால் குரல் வீட்டு ஆள் குரல். ராஜாவைப் பின்னாளில் கொன்றே விட்டார்கள்.

84 அக்டோபர் 31 உனக்கு நினைவிருக்கிறதா, அல்லது அதற்கும் ஒரு வீடியோ வைத்திருக்கிறாயா? மத்தியானமே இந்திரா காந்தி போய்விட்டார் என்று அண்ணன் பி.பி.சி.யில் கேட்டுச் சொன்னார். டீக்கடையில் ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார், "ஆகாசவாணி சொல்லாம நீ யாருல சொல்றதுக்கு?" ஆகாசவாணி சாயங்காலம்தான் சொன்னது. அடிக்க வந்தவர் திரும்பி வந்து, கடை வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

86-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டை ஆனது. 348 எடுக்க வேண்டும், 347-இல் கடைசி ஆள் மணீந்தர் அவுட், இரண்டு பக்கமும் சமம். "அப்போ யாரு ஜெயிச்சது?" என்று கேட்டவர்களுக்கு விளக்கி விளக்கி அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை என்று சொன்னால், "சரி, ஜெயிச்சது யாரு?"

எம்.ஜி.ஆர். இறந்த 87 டிசம்பரைப் பற்றி எழுத மாட்டேன். அதில் நீ அழுததை மறுப்பாய்.

ஒன்று மட்டும். கேசட் பதிவு. நாம் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுப்போம், பெரும்பாலும் இளையராஜா. 60 கேசட்டில் பக்கத்துக்கு ஆறு. கடைசியில் மிஞ்சும் நாடாவை வீணாக்கக்கூடாது என்று அந்தப் பதிவுக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போடுவார், அது இரண்டாம் சரணத்தில் அறுந்து நிற்கும். இன்றும் பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால், அந்த இடம் தாண்டியும் அது பாடிக்கொண்டே போவது எனக்கு ஏதோ தப்பு நடக்கிற மாதிரி இருக்கிறது.

இங்கே வேறு சேதி: சின்னவளுக்கு தை மாதம் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். அடுத்த வைகாசியில் எனக்கு ஓய்வு. போன வாரம் மதினியைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அண்ணனின் ஆறாம் நினைவு நாளுக்கு உன் போன் வரும் என்று எதிர்பார்த்ததாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பரணைக் காலி செய்கிறார்கள். அந்தப் பிலிப்ஸ் பழைய இரும்புக்குப் போகவிருந்தது, வாங்கி வந்துவிட்டேன். முதுகு மூடி இப்போதும் இல்லை. செல் போட்டால் கரகரக்கிறது, நிலையம் எதுவும் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பேரனையும் கூட்டி வா. கபில் விழுந்துதான் பிடித்தார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
சட்டை கிழித்தவன்