கதவு ஒரு நிறம், கார் ஒரு நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆரியங்காவு மலைப்பாதையில் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது தடுப்புச் சுவரில் உரசிய என் வெள்ளி நிறக் காரின் இடது முன்கதவை, செங்கோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் குறையொன்றும் தெரியவில்லை. மறுநாள் புளியரையில் வெயிலில் நிறுத்தியபோதுதான் கதவு மட்டும் ஒரு சாயல் கருத்துத் தனித்து நின்றது. கேட்டதற்கு, "கம்பெனி கோடு பார்த்துத்தான் கலந்தோம்" என்றார்கள்.

அது பொய்யன்று. ஆனால் கார் நிறுவனம் ஒவ்வொரு நிறத்துக்கும் தரும் அந்தக் குறியீடு (கோடு) தொடக்கம் மட்டுமே; ஒரே குறியீட்டுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டு, பல ஆண்டு வெயிலில் பழைய பெயின்டும் மாறியிருக்கும். மெட்டாலிக் நிறத்திலோ, ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தமும் தூரமும் மாறினால் அலுமினியத் துகள்கள் படியும் விதமே மாறி, ஈரமாக அடித்த இடம் கருத்தும் உலர்வாக அடித்த இடம் வெளுத்தும் தெரியும். ஆகவே சிறு அட்டையில் அடித்து, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டும் ஏற்றிக் காயவிட்டு, பாலிஷ் செய்த பழைய பகுதியோடு வெயிலில் நேராகவும் சாய்வாகவும் ஒப்பிட்ட பிறகே கதவில் கைவைக்க வேண்டும். நிறத்தைக் கதவின் விளிம்போடு நிறுத்தாமல், முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரிலும் பின்கதவிலும் படிப்படியாக மங்கவிட்டு, அவற்றுக்கும் முழுமையாகக் கிளியர் கோட் அடிப்பதே முறை.

இதற்குக் கூலி கூடும்தான். முன்பே சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். பட்டறைகள் மதிப்பீட்டுச் சீட்டில் இதைத் தனி வரியாக எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை