நாற்காலிக்கு முன் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சட்டமும் பள்ளித் தலைமையும் நடத்தியே பணிக்காலத்தைக் கழித்த அமெரிக்கக் கல்வியியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் பொறாமையாக இருந்தது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளித் தலைமைக்கு வர விரும்புகிறவர் அதற்கென்று தனியாகப் படித்து உரிமம் வாங்க வேண்டும். அந்தப் படிப்பில் சட்டமும் வழக்கமாக இருக்கும் ஒரு பாடம். ஒரு மாணவனைச் சில நாள் பள்ளியை விட்டு நிறுத்துவதானாலும், குற்றம் இன்னது என்று சொல்லி அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று 1975-ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட தீர்ப்புகளை அலசிவிட்டுத்தான் ஒருவர் நாற்காலிக்கு வருகிறார்.

நம்மிடம் பணிமூப்புப் பட்டியலில் பெயர் வரும், கலந்தாய்வில் ஊர் கிடைக்கும், பொறுப்பேற்ற அன்றே பீரோ சாவியும் பதிவேடுகளும் கைக்கு வரும். நேற்றுவரை இயற்பியல் நடத்தியவர் இன்று பள்ளிக்கே பொறுப்பு. சட்டம் என்று நம்மவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அரசு ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் 17ஏ, 17பி விதிகள் இரண்டும்தான். அதுவும் மெமோ வந்த பிறகு!

தருமபுரி மாவட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம் நடுவருடத்தில் ஊர் திரும்பும். அங்கே தனியார் பள்ளியில் கட்டண பாக்கி, அதனால் டி.சி. தரவில்லை. அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் ஆதாரையும் ரேஷன் கார்டையும் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பார். “டி.சி. இல்லாம எப்படிம்மா சேர்க்கறது? போய் வாங்கிட்டு வாங்க.” அப்படிப் போனவர் பிறகு வரமாட்டார். பையன் ஏதாவது கடையில் வேலைக்கு நின்றுவிடுவான். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல டி.சி. என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திருப்பி அனுப்புகிற தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. இதை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

இதைவிடக் கனமான விஷயம் போக்சோ. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் “பள்ளி பேரு கெட்டுடும் சார், பேசி முடிச்சுக்கலாம்” என்ற குரல்தான் முதலில் எழும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் வழக்கு வெளியே வந்தபோது, முகாம் நடத்தியவரோடு பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். விஷயம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்பதே அவர்கள் மேல் வந்த குற்றச்சாட்டு.

சரி, பிரிவு எண்களை ஒப்பித்துவிட்டால் போதுமா? போதாது. அந்தப் பேராசிரியர் சட்டத்தையும் தலைமையையும் சேர்த்தே நடத்தினார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருக்கிறது. பல ஊர்களில் கூட்டம் என்றால் தீர்மான நோட்டு சுற்றி வரும், டீ வரும், “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா” என்பதோடு முடிந்துவிடும். அந்த அம்மாக்களை உட்காரவைத்துப் பேசிய தலைமை ஆசிரியைகளை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொடர்ந்து வரவில்லை, வீட்டில் கேட்டால் “உடம்பு சரியில்லை” என்பார்கள். மாமன் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று என்ற உண்மை அந்த அம்மாக்களுக்குத்தான் முதலில் தெரியும். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத நம் இரு மாவட்டங்களிலும் இதைவிட நல்ல தகவல் வழி வேறில்லை. தகவல் வந்ததும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்வது சட்டம். சொன்னது யார் என்று ஊருக்குத் தெரியாமல் காப்பதும், மறுவாரம் அதே வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அழைத்து வருவதும் தலைமை. இந்த இரண்டாவது வேலைக்கு அரசாணை கிடையாது.

புது தில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் கீழ் பள்ளித் தலைமைக்கென்றே தேசிய மையம் 2012 முதல் இருக்கிறது. அது தயாரித்த பாடங்களும் உண்டு. பாலக்கோட்டிலோ தளியிலோ நாளை பொறுப்பேற்கப்போகும் ஒருவர் அதற்கு முன் நாலு தீர்ப்பையாவது படித்து விவாதிக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. நடத்த வேண்டியவர் வக்கீல் மட்டுமாகவும் இருக்கக் கூடாது. பீரோ சாவியைக் கையில் வைத்திருந்த அனுபவம் வேண்டும்.

ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு படிப்பு தொடங்கட்டும். அதுவரை, பதவி உயர்வு ஆணை கொடுத்த கையோடு ஒரு வாரம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் உட்காரவைத்து இவற்றை நடத்தலாம். பள்ளி விவரங்களைப் பதிவுசெய்யும் எமிஸ் செயலியில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று சொல்லித்தர எங்களை எத்தனையோ முறை கூப்பிட்டார்களே, அந்த நேரத்தில் ஒரு பங்கு போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.