பாரிஸ் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். லண்டன் நாலு நாள், பாரிஸ் மூணு நாள், சுவிட்சர்லாந்து நாலு நாள், கடைசியில் லங்காஸ்டரில், அண்ணன் வீட்டில், எங்களோடு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் துணி துவைக்கவும் தூங்கவும்தான் சரியாக இருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவள் சொல்லும் விதம் என்று உனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிவை. அந்த ஏழு நாளை எங்களிடம் கொடு, எல்லோருமாக ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போவோம். போன கோடையில் அண்ணன் எங்களைக் கூட்டிப்போனான். அப்போதே அம்மா, "மீனா வந்தால் ஆதியை இங்கே கூட்டிவரணும்" என்றாள். கப்பல் ஏறும் ஹீஷம் துறைமுகம் அண்ணன் வீட்டிலிருந்து பக்கம்தான். பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வேண்டிய ஷெங்கன் விசாச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு மிச்சம். பிரிட்டன் விசா இருந்தால் தீவுக்குத் தனி விசா கேட்பதில்லை.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கும் தீவு அது. 572 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை சுமார் 84,000. பிரிட்டன் மன்னர்தான் அவர்களுக்கும் தலைவர், ஆனால் அது பிரிட்டனில் சேர்ந்த ஊர் இல்லை. தனி நாடாளுமன்றம், தனிச் சட்டம், தனி நோட்டு. பூர்வீகம் கெல்ட் இனம். அவர்களுடைய மாங்ஸ் மொழி அயர்லாந்தின் ஐரிஷுக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக்குக்கும் உடன்பிறந்தது. இடையில் நார்வேயிலிருந்து வைகிங்குகள் வந்து ஆண்டார்கள், 1266ல் ஸ்காட்லாந்துக்குக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். பிறகு இங்கிலாந்துப் பிரபுக்கள். 1765ல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பிரபுக் குடும்பத்திடமிருந்து 70,000 பவுண்டுக்கு ஆட்சியுரிமையை வாங்கிக்கொண்டது. ஏதோ தோப்பைக் கிரயம் பண்ணுவது போல.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். மாப்பிள்ளை டிடி பைக் ரேஸ் பார்க்க முடியுமா என்று கேட்டதாக அண்ணன் சொன்னான். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடப்பது அது. ஆதிக்கு அப்போது துபாயில் பள்ளிக்கூடம் இருக்கும். இருக்காது என்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தீவு முழுக்க பைக்கும் கூட்டமும், பல மாதம் முன்னாலேயே ரூம் தீர்ந்துவிடும், பந்தய நேரத்தில் சாலையை அடைத்துவிடுவார்கள், ஒரு கோட்டையைப் போய்ப் பார்க்க முடியாது. பிரிட்டனில் பொதுச்சாலையை அடைத்துப் பந்தயம் விட நாடாளுமன்றம் சம்மதிக்காததால்தான் 1907ல் அந்தப் பந்தயத்தை இந்தத் தீவில் தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பந்தயம் ஓடும் 60 கிலோமீட்டர் சுற்றும் வருஷம் பூராவும் சாதாரணச் சாலைதான். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து அதில் ஒரு சுற்று வரட்டும். ஊருக்கு வெளியே பல இடங்களில் வேக வரம்பே கிடையாது. ஆனால் பின்சீட்டில் அம்மா இருப்பாள் என்பதை இப்போதே சொல்லிவை.

நாம் போகவேண்டியது ஜூலை முதல் வாரம். காரணம் டின்வால்ட் நாள். ஜூலை 5, அது சனி, ஞாயிறில் வந்தால் திங்கட்கிழமை. டின்வால்ட் என்பது அவர்களுடைய நாடாளுமன்றம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் விடாமல் நடக்கிறது என்பார்கள். 979ல் தொடங்கியதாகக் கணக்கு வைத்து 1979ல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். அன்றைக்கு உறுப்பினர்கள் எல்லோரும் செயின்ட் ஜான்ஸ் என்ற கிராமத்துக்கு வந்து, தேவாலயத்தில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நாலு அடுக்காகக் கட்டிய புல்மேட்டில் ஏறி உட்காருகிறார்கள். அந்த வருஷம் வந்த சட்டங்களின் சுருக்கத்தை மாங்ஸிலும் ஆங்கிலத்திலும் திறந்தவெளியில் உரக்கப் படிக்கிறார்கள். இது வெறும் சடங்கு இல்லை. பதினெட்டு மாதத்துக்குள் இப்படி மேட்டில் அறிவிக்காத சட்டம் செல்லாமல் போய்விடும். அப்புறம், குறை இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் மேட்டடிக்கு வந்து கையில் மனுவோடு நிற்கலாம், வாங்கிக்கொள்கிறார்கள்.

கோயிலிலிருந்து மேடு வரைக்கும் பாதையில் கோரைப்புல் பரப்பியிருப்பார்கள். அது மானனன் என்ற கடல் தெய்வத்துக்கு. கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் தீவை ஆண்டவன் அவன்தான், மக்கள் அவனுக்கு வருஷா வருஷம் கோடை நடுவில் ஒரு கட்டுக் கோரை வரியாகக் கொடுத்தார்கள் என்று கதை. பகைவர் கப்பல் வந்தால் தன் மூடுபனிப் போர்வையை விரித்துத் தீவை மறைத்துவிடுவானாம். பாதிரியார் ஜெபம் பண்ண, தரையில் பழைய தெய்வத்தின் கோரை கிடக்க, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பலர் சட்டையில் ஒரு தழையும் செருகியிருப்பார்கள். நம்மூர் மாசிப்பத்திரி இனம், திருஷ்டிக்கு. அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது.

அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் மாங்ஸ் வழியிலேயே எல்லாப் பாடமும் நடத்தும் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. தாய்மொழியாக மாங்ஸ் பேசி வளர்ந்தவர்களில் கடைசி மனிதர் நெட் மேட்ரல், க்ரெக்னேஷ் கிராமத்து மீனவர், 1974ல் இறந்துபோனார். அதற்கு முன்னால், 1948ல், அயர்லாந்து அரசு ஒரு வண்டியில் ஒலிப்பதிவுக் கருவியை ஏற்றி அனுப்பி அவரையும் மற்றக் கிழவர் கிழவிகளையும் பேசவைத்துப் பதிந்துகொண்டது. அக்கறையுள்ள சிலர் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். 2001ல் இந்தப் பள்ளி தொடங்கியது. 2009ல் யுனெஸ்கோ இந்த மொழி அழிந்துவிட்டது என்று அட்டவணையில் போட்டபோது, பள்ளிப் பிள்ளைகள், "அப்படியென்றால் நாங்கள் எழுதும் இந்தக் கடிதம் எந்த மொழியில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார்கள். யுனெஸ்கோ மாற்றிக்கொண்டது. ஆதி போனில் என்னிடம் "தாத்தா, ஐ ஆம் ஃபைன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. உன்னையும் சொல்லவில்லை. பள்ளியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கே தங்குவது? எல்லோரும் தலைநகர் டக்ளஸில் தங்குவார்கள். எனக்கு மேற்குக் கரையில் இருக்கும் பீல் பிடிக்கும். ரயில்கள் டக்ளஸிலிருந்து கிளம்புவதால் நமக்குக் காலையில் பஸ் பிடிக்கும் வேலை கூடும், தெரியும். ஆனால் பீல் இன்னும் மீன்பிடி ஊராகவே இருக்கிறது. சின்னச் சந்துகள், செம்மணற்கல் வீடுகள், எதிரே செயின்ட் பாட்ரிக் திட்டில் கோட்டை. திட்டு என்றாலும் கரையோடு பாதை போட்டு இணைத்துவிட்டதால் நடந்தே போகலாம். கோட்டைச் சுவருக்குள் கெல்ட் துறவிகள் கட்டிய உருண்டைக் கோபுரம் ஒன்று நிற்கிறது, கூரை போன பேராலயம் ஒன்று இருக்கிறது, ராத்திரியில் காவலர்களைப் பயமுறுத்திய கறுப்பு நாய்ப் பேயும் உண்டு. டின்வால்ட் மேடும் இங்கிருந்து கிட்டே. ஹெர்ரிங் மீனைப் பிளந்து ஓக் மரத்தூள் புகையில் போடும் கிப்பர் இங்கேதான் செய்கிறார்கள். மத்தி ஜாதி மீன் அது. வாசனை தெருவிலேயே அடிக்கும். அம்மா போன தடவை நாலு பாக்கெட் வாங்கிவந்து, அண்ணி ஜன்னலையெல்லாம் திறந்துவைக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை சைவம் என்பதால் அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம்தான். சிப்ஸ், சீஸ், கிரேவி மூன்றையும் சேர்த்துத் தருவது தீவின் பிரபலமான தீனி. கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம், கேட்டு வாங்கணும். அம்மா புளிக்காய்ச்சல் செய்து எடுத்துவருவாள், சமையலறை உள்ள வாடகை வீடாகவே பார்ப்போம்.

இனி ரயில். பொன்மலைப் பணிமனையில் காலம் கழித்தவனிடம் இதைச் சுருக்கமாக எதிர்பார்க்காதே. 1874லிருந்து டக்ளஸுக்கும் போர்ட் எரினுக்கும் நீராவி ரயில், மூன்றடி அகலப் பாதை, மான்செஸ்டர் பேயர் பீகாக் கம்பெனியின் எஞ்சின்கள். டக்ளஸிலிருந்து வடக்கே ராம்சே வரைக்கும் கடலோரமாக மின்சார டிராம். அதில் 1893ல் ஓடத் தொடங்கிய பெட்டிகள் இரண்டு அதே பாதையில் இன்றும் ஓடுகின்றன. வழியில் லாக்ஸியில் இறங்கினால் ஸ்னேஃபெல் மலைக்கு 1895ல் போட்ட இன்னொரு பாதை. ஊட்டி ரயில் பல்சட்டத்தில் பல்சக்கரத்தைப் பொருத்தி ஏறும் என்று உனக்குச் சின்ன வயதில் குன்னூரில் இறக்கிக் காட்டினேனே, இதில் அது கிடையாது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று, கொஞ்சம் உயரமாக. பிரேக் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதற்காகப் போட்டது. ஃபெல் முறை என்று பெயர். புத்தகத்தில் படம் மட்டும் பார்த்திருந்தேன். உச்சி 621 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாலும் தெரியும். நாங்கள் போன அன்றைக்கு மானனன் போர்வையை விரித்துவிட்டான், பக்கத்தில் நின்ற அண்ணன்கூடச் சரியாகத் தெரியவில்லை. எனக்காக அது இன்னொரு தடவை. லாக்ஸியில் 22 மீட்டர் விட்டமுள்ள தண்ணீர்ச் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. 1854ல் சுரங்கத்து நீரை இறைக்க வைத்தது. தீவில் நிலக்கரி இல்லாததால் ஓடைத் தண்ணீரையே வைத்து ஓட்டினார்கள். ஆதி சக்கரத்தையும் நான் அதன் தண்டையும் பார்த்துக்கொண்டிருப்போம். நீங்கள் ஐஸ்க்ரீம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெற்கே க்ரெக்னேஷுக்கு ஒரு நாள். ஓலைக்கூரை வீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், 1938லிருந்து அருங்காட்சியகம். ஆனால் பொம்மை ஊர் இல்லை, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நாலு கொம்பு முளைக்கும் லாக்டன் ஆடு, வாலில்லாத பூனை இரண்டும் அங்கே பார்க்கலாம். காரில் போகிற நாளில், காசில்டவுனுக்கும் டக்ளஸுக்கும் நடுவில் தேவதைப் பாலத்தைத் தாண்டும்போது ஆதி கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்கு வணக்கம் சொல்லணும், சொல்லாதவர்களுக்கு ஆகாது என்பது ஐதீகம். மாப்பிள்ளை சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவரும் சொல்லட்டும்.

நான் ஒருத்தன் மட்டும் ஆசைப்படும் இடம் ஒன்று: கர்க் மைக்கேல் கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கும் கல் சிலுவைகள். ஒன்றில் வைகிங் எழுத்தில், கொல்லன் மகன் மெல்பிரிக்டி இதை நிறுத்தினான், கவுட் என்பவன் இதையும் தீவில் உள்ள எல்லாவற்றையும் செதுக்கினான் என்று வெட்டியிருக்கிறது. நிறுத்தியவன் பேர் கெல்ட் பேர், செதுக்கியவன் பேர் வைகிங் பேர், எழுத்து வைகிங்குடையது, சிலுவை இருவருக்கும் பொது. 'எல்லாவற்றையும்' என்று எழுதிக்கொண்டானே, அந்தத் தெம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பணிமனையில் எனக்கு இரண்டு ஃபிட்டர்களை ஞாபகம் வருகிறது. நீங்கள் வராவிட்டாலும் பஸ்ஸில் நான் போய்விட்டு வந்துவிடுவேன்.

சில்லறை விஷயங்கள். ஹீஷத்திலிருந்து கப்பல் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐரிஷ் கடல் ஜூலையிலும் குலுக்கும், ஆதிக்கு வாந்தி மாத்திரை எடுத்துவா. டக்ளஸில் நுழையும்போது விரிகுடாவில் பாறைமேல் சின்னக் கோட்டை மாதிரி ஒன்று தெரியும். கப்பல் உடைந்தவர்கள் ஒதுங்குவதற்காக 1832ல் வில்லியம் ஹில்லரி என்பவர் கட்டவைத்தது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். தீவில் இங்கிலாந்து நோட்டு செல்லும். அவர்கள் தரும் மாங்ஸ் நோட்டு இங்கே கடைகளில் செல்லாது, கப்பல் ஏறும் முன் செலவழித்துவிடணும். பிரிட்டன் சிம்முக்கு அங்கே தனிக் கட்டணம் விழலாம், கேட்டுக்கொள். முக்கியமாக, தீவிலிருந்து திரும்பிய மறுநாளே துபாய் விமானத்தை வைக்காதே. காற்றோ பனியோ அடித்தால் கப்பலும் நிற்கும், விமானமும் நிற்கும். நடுவில் இரண்டு நாளாவது இருக்கட்டும். அந்த இரண்டு நாள் லங்காஸ்டரில் இருங்கள், துணி அப்போது துவைத்துக்கொள்ளலாம்.

கூட்டிப்பார்த்தால் லண்டன் நாலு, தீவு ஆறு இரவு, எங்களோடு மிச்சம். டின்வால்ட் வாரத்தில் பீலில் வீடு சீக்கிரம் போய்விடும். கப்பல் டிக்கெட்டும் அப்படித்தான். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல். சனிக்கிழமை அண்ணனுக்கு லீவு, உட்கார்ந்து எல்லாவற்றையும் புக் பண்ணிவிடுவோம். எல்லோருக்கும் மழைக்கோட்டு வேண்டும். துபாயில் கிடைக்காவிட்டால் அளவு மட்டும் அனுப்பு, அண்ணி இங்கே வாங்கிவைப்பாள்.

அன்புடன்,
அப்பா