எல்லா வீட்டுக்கும் 3 கிலோவாட்டா? நம் நகர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நம் நகர்வாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்துக்கு ஒரு சோலார் கம்பெனிக்காரர் வந்து பேசினார். நாற்பது வீடு சேர்ந்தால் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. பட்டியலைப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் நேராக ஒரே அளவு: 3 கிலோவாட். ஏசி இல்லாமல் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் அதுதான். மூன்று ஏசி ஓடுகிற மாடி வீட்டுக்கும் அதுதான். பல வருடமாக வயரிங் தொழிலில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன். சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சென்னைப் புறநகரில் வெயிலுக்கா பஞ்சம்? தாராளமாகப் போடலாம். ஆனால் நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே தாளில் சங்கம் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலில், ஏன் 3 கிலோவாட்? நம் தேவையைக் கணக்குப் பார்த்துச் சொன்ன அளவு இல்லை அது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். மானியம் உச்சத்தைத் தொடும் இடத்தில் விற்பவருக்குப் பேச வசதி. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரில் 1 கிலோவாட் பேனல் வருட சராசரியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட். இதை ஈபி கார்டில் உள்ள ரீடிங்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் இருநூறு ரூபாய்கூட வராது. மானியம் போகவும் ஒரு லட்சத்துக்கு மேல் கைக்காசு போட்டு அந்த இருநூறை மிச்சம் பிடிக்க வேண்டுமா? மீதி யூனிட் கம்பிக்குப் போகும், கணக்கில் வரவு வைப்பார்கள், உண்மைதான். ஆனால் அதை வருமானமாக நினைத்துப் பேனலைப் பெரிதாகப் போடுவது சரிப்படாது. '300 யூனிட் இலவசம்' என்று விளம்பரத்தில் வருகிறதே, அது அரசு தரும் யூனிட் இல்லை. உங்கள் மாடியில் நீங்கள் காசு போட்டு விளைவிக்கிற யூனிட்.

மறுபக்கம், இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் ஓட்டும் வீடு. அங்கே பில் ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கீழ்ப்படியில் யூனிட் ஐந்து ரூபாய்க்கும் குறைவு, 800-க்கு மேல் போனால் பத்து ரூபாயைத் தாண்டும். சோலார் முதலில் வெட்டுவது அந்த மேல்படி யூனிட்டுகளைத்தான். 720 கழிந்து 280 மட்டும் நின்றால் பில் அறுநூறு ரூபாய் வாக்கில் வந்துவிடும். இந்த வீட்டுக்குப் போட்ட பணம் மூன்று, நாலு வருடத்தில் திரும்பிவிடும். ஒரே தெரு, ஒரே பேனல், கணக்கு மட்டும் தலைகீழ். அதனால் கம்பெனிக்காரர் கொடுத்த நோட்டீஸைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடைசி ஆறு பில்லை முதலில் எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி இறங்கும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

பேனல்களைத் தொடராக இணைக்கிறார்கள். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்த ஒன்றோடு நஷ்டம் நிற்பதில்லை. வரிசையின் உற்பத்தியே இறங்கலாம். பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், முழுதாக அல்ல. சரி, நிழல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது? கம்பெனி ஆள் மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, 'நிழலே இல்லை சார்' என்று எழுதிக்கொண்டு போவார். அவர் பொய் சொல்லவில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது தண்ணீர் டேங்கின் நிழல் தெற்கே கொஞ்சம் விழும், அவ்வளவுதான். டிசம்பரில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அதே டேங்கின் நிழல் நண்பகலிலேயே அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளம். டேங்குக்கு வடக்கே பேனல் வைத்த வீட்டில் மே மாதத்தில் தெரியாத நிழல் மார்கழியில் வந்து உட்காரும்.

நம் தெருக்களில் தென்னை மரம் இல்லாத வீடு குறைவு. பக்கத்து மனையில் இன்று தரைத்தளம் மட்டும் இருக்கலாம், நாளைக்கு இரண்டு மாடி எழும்பினால் நாம் ஒன்றும் கேட்க முடியாது. தெற்கிலும் மேற்கிலும் காலி மனை உள்ளவர்கள் இதை யோசித்துப் பேனல் வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடிக்கு பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரை, ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகச் சின்னதாக (மைக்ரோ இன்வெர்ட்டர்) வைக்கும் வழி உண்டு. செலவு கூடும், ஆனால் அந்த மாடிக்கு அதுதான் சரி.

மே மாத வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திரத்தில்தான் அதிகம் விளையும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். மே மதியம் பேனல் 60 டிகிரியைத் தாண்டினால் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். தரையோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்று ஓடும்படி உயர்த்தி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு நமக்குப் போதும்.

உயர்த்தி வைப்பது என்றதும் காற்று வந்துவிடுகிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் நம் தெருவில் என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. துணி காயப்போடவும் வடாம் பிழியவும் இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்துக்குப் பந்தல் மாதிரி ஸ்ட்ரக்சர் கேட்கிறோம். கேட்கலாம், ஆனால் உயரம் கூடக்கூடக் காற்று தூக்கும் விசையும் கூடும். விலைப்பட்டியலில் பேனலின் பிராண்டுக்கு அரைப்பக்கம் எழுதியவர்கள், ஸ்ட்ரக்சருக்கு 'ஜிஐ' (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று இரண்டெழுத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். எந்தத் தடிமன்? துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான்? துளை போட்டு முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, இல்லை மாடியில் வைத்து வெட்டி வெல்டிங் அடித்ததா? வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய்விடும்; மேலே சில்வர் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். கடல் காற்று வரும் ஊரில் ஒரு மழைக்காலம் போனதும் அந்த மூட்டில் செம்மண் நிறத்தில் ஒழுகல் தெரியும். மூட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டால் முடுக்குவதாக எழுதி வாங்குங்கள்.

மாடித் தளத்தைத் துளைப்பதிலும் கவனம் வேண்டும். நம் நகரில் பல வீடுகளில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக்கு மேல் தட்டோடு பதித்திருக்கிறது. அதைத் துளைத்துப் போல்ட் அடித்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கி, கீழே படுக்கையறைச் சீலிங்கில்தான் வெளிப்படும். தட்டோட்டின் மேல் கான்கிரீட் பீடம் வெறுமனே உட்கார்ந்தாலும் போதாது, காற்றைத் தாங்கும் எடை அதற்கு வேண்டும். ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடி ஏற்கெனவே ஒழுகும் வீட்டுக்காரர்கள் முதலில் அதைச் சரி செய்துவிடுங்கள். பேனல் ஏறிவிட்டால் அடியில் வேலை பார்க்க ஆள் குனிந்துதான் போக வேண்டும்.

கூட்டத்தில் எல்லோரும் ஆவலாகக் கேட்ட கேள்வி: 'கரண்ட் போனா சோலார்ல ஓடுமா?' கம்பெனிக்காரர் நேரான பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார். நான் சொல்கிறேன்: ஓடாது. மானியத்தில் போடுகிற சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது, ஈபி கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மானியக் கணக்கில் பேட்டரி வராது. வீட்டில் ஏற்கெனவே உள்ள பேட்டரி இன்வெர்ட்டர் அதன் பாட்டுக்கு இருக்கட்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயர் விஷயம். போன வருடம் வேறொரு நகரில் 'உற்பத்தி பாதிதான் வருது' என்று கூப்பிட்டார்கள். மாடியில் பேனலுக்கு அடியில் ஒரு கனெக்டர் பழுப்பேறி உருகி ஒட்டிக்கிடந்தது. ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே சரியாகக் கவ்வாது, சூடேறும். அந்த மாடியில் கொஞ்ச தூரத்துக்கு வீட்டு வயரையே ஓட்டி டேப் சுற்றியிருந்தார்கள், வெயிலில் அது வெடித்திருந்தது. பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்தில் (ஒரே திசையில் ஓடுவது) தீப்பொறி கிளம்பினால் சுலபத்தில் அணையாது. மெயினை அணைத்தாலும் பகலில் பேனலிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அதனால் சோலாருக்கென்று வரும் கேபிள், ஒரே கம்பெனிக் கனெக்டர், டிசி பக்கத்துக்குத் தனி ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று சேர்த்து மூன்று எர்த் குழி, இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். குறைந்த விலை என்று வருகிற கொட்டேஷனில் பெரும்பாலும் இங்கேதான் கத்தி வைத்திருப்பார்கள். இன்வெர்ட்டரை மொட்டை வெயிலில் மாட்டாமல், காற்றோட்டமான மாடிப்படி அறையில் மாட்டச் சொல்லுங்கள்.

காகித வேலையில் மூன்று விஷயம். மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. விண்ணப்பத்துக்கு முன் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். மானியம் வேலை முடிந்து பரிசோதனையும் ஆன பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் நேராக வரும், அதுவும் இந்தியாவில் செய்த செல் உள்ள டிசிஆர் பேனலுக்கும், தேசிய இணையதளத்தில் பதிவான நிறுவனத்துக்கும் மட்டும். பேனல்களின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாவது, 'இப்பவே ஆன் பண்ணிடலாம், நெட் மீட்டர் அப்புறம் வரும்' என்பார்கள். உள்ளே வரும் யூனிட்டையும் வெளியே போகும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணுவதுதான் நெட் மீட்டர். சம்மதிக்காதீர்கள். பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் யூனிட்டையும் நாம் செலவழித்ததாகவே எண்ணும். சோலார் போட்டும் பில் ஏறிவிட்டது என்று புலம்பும் வீடுகளில் பாதிக் கதை இதுதான்.

விலையிலும் ஒரு கண் வையுங்கள். சோலார் பொருட்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் மொத்த வரி 13.8-லிருந்து 8.9 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நமக்குக் கொடுத்த நோட்டீஸில் இன்னும் பழைய கணக்குதான் இருக்கிறது.

கடைசித் தெரு அடுக்ககக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொது மோட்டார், லிஃப்ட், விளக்குக்குச் சங்கத்தின் பெயரில் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அது தனிப் பேச்சு.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். மொத்தமாகப் பேசி விலையைக் குறையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒப்பந்தம் வீட்டுக்கு ஒன்றாக இருக்கட்டும், அளவும் அந்தந்த வீட்டு பில்லையும் மாடியையும் பார்த்து இருக்கட்டும். திட்டப்படி நிறுவனம் ஐந்து வருடப் பராமரிப்பு தர வேண்டும். அதற்கு யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதைத் தாளில் போடச் சொல்லுங்கள். நம் போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் உப்புப் படியும் என்பதால் கழுவும் பொறுப்பையும் பேசிவிடுங்கள். பணத்தில் பத்து சதவீதமாவது நெட் மீட்டர் மாட்டிய பிறகு கொடுப்பதாக இருக்கட்டும். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத கம்பெனி என்றால் வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஈபி கார்டையும், காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு எடுத்த மாடிப் படங்களையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்