பாலாற்று ஏரிக் கோப்பை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் பெறும் ஏரிகளைப் பற்றி நான் எழுதிவரும் தொகுப்பு பிழைத்துவிட்டது. என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்கள் அனைவருக்கும் இதுவே பதில். மின்சாரம் போனது, யு.பி.எஸ். கைவிட்டது, கோப்பு சேமிப்பாகிக்கொண்டிருந்த நொடியில் கணினி அணைந்தது. அதற்குப் பிறகு வேர்டு அந்தக் கோப்பைத் திறக்கவே மறுத்துவிட்டது. சேதி அவ்வளவுதான். எழுத வேண்டியது மீட்டவர்களைப் பற்றி.

முதல் நன்றி, காட்பாடி காந்தி நகரில் எங்கள் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிக்கு. அவர் செய்ததைவிட, என்னை ஒன்றும் செய்யவிடாமல் தடுத்ததுதான் பெரிய உதவி. "தாத்தா, இதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், நகலும் எடுக்காதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அழிந்த கோப்பு வட்டை விட்டு உடனே போய்விடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. வேறொன்று வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். என்னுடையது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டே இல்லாத இப்போதைய எஸ்.எஸ்.டி. வட்டு பெரும்பாலும் காலி இடத்தைத் தானே துடைத்துவிடுமாம். பழைய சாமானைக் கட்டிக்கொண்டு அழுவதாக வீட்டில் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பிறகு அவரே தேடினார். வேர்டு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு நகல் எடுத்து வைக்கிறது. மறுபடி திறக்கும்போது அதை இடப்பக்கம் காட்ட வேண்டும், காட்டவில்லை. சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வசதியிலும் இல்லை. மறைத்து வைக்கப்பட்ட 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் புகுந்து, ரோமிங், மைக்ரோசாஃப்ட், வேர்டு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஏ.எஸ்.டி. என்று முடியும் ஒரு தானியங்கி நகல் கோப்பைப் பிடித்தார். அதுவும் ஒழுங்காகத் திறக்கவில்லை. எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தை மட்டும் மீட்கிற வழி ஒன்று வேர்டிலேயே இருக்கிறது. அதில் திறந்தபோது பக்கம் பக்கமாக வந்தது, முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக.

பென் டிரைவில் அதைப் பார்த்த ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், "கெட்டுவிட்டது சார், ஃபார்மட் செய்துவிடலாம்" என்றார். அவருக்கு ஃபார்மட் என்பது சர்வரோக நிவாரணி.

இரண்டாவது நன்றி, லாங்கு பஜார் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் சகோதரிக்கு. கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். சிறிய கே, சிறிய ஜே, பெரிய எஃப். அந்த மூன்றின்மேல் விரலை வைத்து "மதகு" என்று வாசித்தார். அடுத்த சொல்லையும் அப்படியே வாசித்தார். "கெடவில்லை ஐயா, இது பாமினி எழுத்துரு." பாமினியில் அடிக்கும்போது கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான், தமிழ் உருவத்தைத் தருவது எழுத்துரு. எழுத்தை மட்டும் மீட்டதால் எழுத்துரு கழன்றுவிட்டிருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அவர் பாமினியைப் போட்டதும் திரை முழுக்கத் தமிழாயிற்று. அதோடு நிற்காமல், மொத்தத்தையும், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அட்டவணைகள் மட்டும் மீளவில்லை. கட்டங்கள் கலைந்து, வடகரையின் மகேந்திரவாடிக் கால்வாயும் தென்கரையின் தூசிக் கால்வாயும் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன. அதைப் பிரித்துத் தந்தவர் காவேரிப்பாக்கம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி. பேரன் தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்க, "இது நம் ஏரிக்கு வராது, அடித்துவிடு" என்று கண்ணை மூடியபடியே சொல்லிக்கொண்டு போனார். நடுவில் அவர் சொன்ன இரண்டு மதகுகளின் பெயர்கள் என் மூலக் கோப்பில் இல்லாதவை. இப்போது சேர்த்துவிட்டேன்.

கடைசியாகத் தட்டச்சு செய்த முன்னுரைப் பகுதி கிடைக்கவில்லை, திரும்ப எழுதிவிட்டேன். முன்னதைவிடச் சுருக்கமாக இருப்பது நல்லதற்குத்தான் என்பது மாணவியின் அபிப்பிராயம். அச்சானதும் மூவர் வீட்டுக்கும் நானே படிகளைக் கொண்டுவருகிறேன். டி.டி.பி. சகோதரி அப்போதாவது கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காட்பாடி