நீலகிரியில் பழைய வீடுகளுக்குத் தரகு செய்வோரையும் பதிவுக்குள் கொண்டுவாருங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தமிழ்நாடு அரசு
தலைவர், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோத்தகிரிக்கு மேலே 5 சென்ட் நிலமும் அதிலுள்ள பழைய வீடும் வாங்குவதற்காகத் தரகர் ஒருவர் மூலம் 2 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அந்தக் கிரயம் நின்றுவிட்டது. முன்பணம் இன்னும் திரும்பவில்லை. பணத்துக்கான வழக்கை உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நடத்திக்கொள்கிறேன். அங்கே தீராத ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கட்டி முடித்துப் பல ஆண்டுகளான ஒரு வீட்டை விற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர், அந்தத் தொழிலில் நடந்துகொள்ளும் முறைக்கு யாரிடம் பதில் சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்ப் பத்திரத்தையும் கட்டட அனுமதி வரைபடத்தையும் முதலில் காட்டுங்கள் என்று கேட்டபோது, டோக்கன் போட்டால்தான் உரிமையாளர் பேப்பரை வெளியே எடுப்பார் என்றார் தரகர். வேறு ஆட்கள் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள் என்று அவசரப்படுத்தினார். தொகையை உரிமையாளரின் கணக்கில் போடவிடாமல் தம் கணக்கில் போடச் சொன்னார். அதற்குக் கொடுத்த ரசீது என் கையில் இருக்கிறது. ரூபாய் நோட்டளவு துண்டுத்தாள். அதில் தொகை உண்டு, தேதி உண்டு, கையெழுத்தும் உண்டு. புல எண் கிடையாது, உரிமையாளர் பெயர் கிடையாது, எதற்காகப் பெற்றார் என்ற ஒரு வரிகூடக் கிடையாது.

பிறகு வந்த ஆவணங்களை வழக்கறிஞர் பார்த்தார். தரைத்தளத்துக்கு மட்டுமே அனுமதி இருந்தது. மேல்தளம் அனுமதியின்றி எழுப்பப்பட்டது. வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை பக்கத்துக்காரரின் தேயிலைக்கு நடுவே செல்கிறது, அதற்குப் பத்திரத்தில் பாத்தியம் எழுதப்படவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சமையலறைக்குப் பின்னால் நிற்கும் தடுப்புச் சுவர். புது வெள்ளை அடித்திருந்த அந்தச் சுவரில் மண்ணின் நீர் வடிவதற்கான துளை ஒன்றுகூட இல்லை. அடிப்பகுதி முழுக்க ஈரம் பூத்திருந்தது. கேட்டதற்கு, “மலைன்னா ஈரம் இருக்கத்தான் சார் செய்யும்” என்றார். முன்னொரு மழைக்காலத்தில் அந்தச் சுவர் சரிந்து விழுந்ததையும், திரும்பக் கட்டுவதற்கு மேஸ்திரியை அழைத்துவந்தவரே இந்தத் தரகர்தான் என்பதையும் கீழ்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளால் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே தொழில் செய்யும் ஒருவருக்குச் சரிந்த சுவரின் பொருள் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே மறைத்தார் என்றுதான் நான் கருதுகிறேன்.

விலையிலும் இதே கதைதான். வயதான அந்த உரிமையாளர் அம்மாவை நேரில் சந்தித்தபோது, நான் 56 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்த வீட்டை அவர் 48 லட்சம் என்று நினைத்திருந்தார். “எனக்கு நாப்பத்தெட்டுன்னுதானே சொன்னாரு, அம்பத்தாறு யாரு கேட்டா?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இரு தரப்பிலும் 2 சதவீதம் கமிஷன் பேசிக்கொண்டு, அதற்கு மேல் 8 லட்சத்தைத் தமக்காக வைத்திருக்கிறார் தரகர். இருவரிடமும் கமிஷன் வாங்குவது ஊர் வழக்கம். இருவருக்கும் தெரிந்திருந்தால் அதில் எனக்குக் குறையில்லை. தெரியாமல் மேல் வைத்து விற்பது வேறு. தனக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை அவரை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 216ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அந்த அம்மா அதற்காக இந்த வயதில் நீதிமன்றப் படியேற வேண்டும். அவர் ஏறமாட்டார் என்பது தரகருக்கும் தெரியும்.

புதிய அடுக்ககத்திலோ மனைப்பிரிவிலோ இதே காரியம் நடந்திருந்தால் நான் நேரே ரியல் எஸ்டேட் ஆணையத்திடம் வந்திருப்பேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 9ஆம் பிரிவில் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. 10ஆம் பிரிவில் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், பொய்யான தகவல் தரக் கூடாது, வாங்குபவருக்குச் சேர வேண்டிய ஆவணங்கள் கிடைக்க உதவ வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என அபராதத்துக்கும் 62ஆம் பிரிவில் வழி செய்கிறது. ஆனால் 9ஆம் பிரிவின் பதிவுக் கடமை, ஆணையத்தில் பதிவான திட்டங்களில் விற்கும் முகவர்களுக்கு மட்டுமே. 500 சதுர மீட்டருக்கு, அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேலுள்ள அளவுக்கு உட்பட்ட நிலத்தில் எழும் திட்டத்துக்குப் பதிவே தேவையில்லை. ஒருவர் குடியிருந்த தனி வீட்டை மறுபடி விற்பது திட்டம் என்ற கணக்கிலேயே வராது. சமவெளி நகரங்களில் பெரிய அடுக்ககங்கள் இருப்பதால் இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரிவதில்லை. மலையில் கைமாறுபவற்றில் மிகுதியும் 3 சென்ட், 5 சென்ட், பழைய பங்களாவின் ஒரு பகுதி என்றுதான் இருக்கின்றன. ஆகவே, இங்கே தரகு செய்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

வில்லங்கச் சான்று இருக்கிறதே, பட்டாவும் சிட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றனவே, வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் வரலாம். அவற்றை நான் பார்த்தேன். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத ஒப்பந்தமும், வாய்மொழியாக விட்ட பாதையும், சரிந்து திரும்பக் கட்டிய சுவரும், அனுமதியில்லாத மாடியும் அதில் வருவதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம், ஜென்மி எனப்பட்ட பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் கீழ் செக்‌ஷன் 17 நிலம் என்று சொல்லப்படும் குத்தகைத் தோட்ட நிலங்கள் பட்டா இல்லாமல் கிடக்கின்றன. சீகூர் பகுதியில் 2010இல் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பல கிராமங்களில் மனைப்பிரிவு போடுவதற்கு, ஹாகா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு தேவை. கட்டடத்துக்கு 7 மீட்டர் உயர வரம்பு இருப்பது இங்கே ஊரறிந்த செய்தி. பணி ஓய்வு பெற்று ஈரோட்டிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ மலையேறி வருகிறவருக்கு இவற்றில் எது எந்தப் புல எண்ணைத் தொடுகிறது என்பது தெரியாது. தரகருக்குத் தெரியும். அந்த அறிவுக்குத்தான் 2 சதவீதம் கொடுக்கிறோம். கூலி வாங்கிக்கொண்டு அந்த அறிவை நமக்கு எதிராகவே பயன்படுத்தினால் அதைத் தொழில்முறைத் தவறு என்று சொல்வதற்கு இன்று ஓர் அமைப்பும் இல்லை. நுகர்வோர் ஆணையம் போன பணத்தைப் பேசும். அடுத்த வாரம் அதே வீட்டை இன்னொருவருக்கு அதே வார்த்தைகளைச் சொல்லிக் காட்டுவதை அது தடுக்காது.

இந்தத் தொழிலில் நேர்மையானவர்களை நான் அறிவேன். குன்னூரில் ஒருவர், பாதைப் பிரச்சினை இருக்கிறது, இதை நீங்கள் வாங்க வேண்டாம் என்று சொல்லித் தம் கமிஷனையே விட்டுக்கொடுத்தார். பதிவும் விதியும் வந்தால் முதலில் பயன்பெறுபவர்கள் அவரைப் போன்றவர்களே.

ஆகவே அரசைக் கேட்டுக்கொள்வது இது. மறுவிற்பனை வீடு, மனை ஆகியவற்றுக்குத் தரகு செய்வோருக்கும் மாநில அளவில் உரிமம் வேண்டும். மத்தியச் சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தை நிரப்பத் தனிச் சட்டம் தேவையென்றால், அதை மலை மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம். அதற்குக் காலம் பிடிக்குமென்றால், பதிவுத்துறை வழியாக இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விற்கப்படும் இடத்தின் புகைப்படத்தைப் பத்திரத்துடன் இணைக்கும் நடைமுறை ஏற்கெனவே வந்துவிட்டது. அதேபோல, இந்தக் கிரயத்தில் தரகர் யார், எந்தத் தரப்பிடம் எவ்வளவு பெற்றார் என்ற உறுதிமொழியையும் இருதரப்புக் கையெழுத்துடன் இணைக்கச் செய்யுங்கள். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் 48-ம் 56-ம் ஒரே மேசையில் சந்தித்திருக்கும்.

ஆணையத்தைக் கேட்டுக்கொள்வது, முன்பணம் வாங்குவதற்கு முன்பே தரகர் எழுதித் தர வேண்டிய விவரப் படிவம் ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்பது. கட்டட அனுமதி எதுவரை, பாதை யாருடையது, சரிவோ சுவர்ச் சேதமோ முன்பு நடந்ததா, வனம் அல்லது வழித்தடத் தடை உண்டா, முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது ஆகியவை அதில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர்கள் அதை எங்கும் பின்பற்ற வேண்டும் என்று அறிவுறுத்தினாலே, அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் மக்களிடம் வந்துவிடும்.

என்னிடமுள்ள ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு, வழக்கறிஞரின் கருத்துரை ஆகியவற்றின் நகல்களைத் தனியே அனுப்பியிருக்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் சென்னைக்கு வரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
கோத்தகிரி வட்டத்தில் வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்